பொண்ணு கேட்டா: "என் ஃபங்ஷன்ல நான் என்ன பண்ணணும்?" பதில் தெரியல, உதவுங்க

மலர்_திண்டுக்கல்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், முதல் தடவையா இழை ஆரம்பிக்கிறேன், இடம் தப்பா இருந்தா மாடரேட்டர் மாத்திடுங்க.

நாங்க நியூஜெர்சில இருக்கோம். பொண்ணுக்கு 12 வயசு, போன மாசம் பெரியவளாயிட்டா. ஊருக்கு போன் போட்ட அஞ்சாவது நிமிஷம் மாமியார் காலண்டரை எடுத்துட்டாங்க, எங்க அண்ணன் எத்தனை தட்டு, பட்டு என்ன கலர்னு தனியா ஒரு வாட்ஸாப் குரூப்பே தொடங்கிட்டார். டிசம்பர் லீவுல திண்டுக்கல்ல மண்டபம். இதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான்.

இப்ப விஷயம் என்னன்னா இவ கிளாஸ்ல ஒரு யூதப் பொண்ணு இருக்கா, ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி திரியும். அந்தப் பொண்ணோட பாட் மிட்ஸ்வாவுக்கு (யூதப் பொண்ணுங்க பெரியவளாகற சடங்கு) ரெண்டு வாரம் முன்னாடி குடும்பத்தோட போயிருந்தோம். அந்தப் பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஹீப்ரு படிச்சு, அவங்க வேதமான தோராவை ராகத்தோட வாசிக்கப் பழகி, அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னு வாசிச்சா. அப்புறம் தான் வாசிச்ச பகுதியில எது தனக்குப் புரியல, எதை ஒத்துக்க முடியலைன்னு ஒரு பேச்சு வேற. தாடி வச்ச தாத்தாக்கள் எல்லாம் தலையாட்டிக் கேட்டாங்க. முடிஞ்சதும் எல்லாரும் அவ மேல மிட்டாய் எறிஞ்சாங்க, என் சின்னவன் கீழ விழுந்ததை எல்லாம் பொறுக்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டான் அது தனிக் கதை.

திரும்பி வரும்போது கார்ல பொண்ணு கேட்டா, "அம்மா, என் ஃபங்ஷன்ல நான் என்ன பண்ணணும்?"

நானும் சாதாரணமா "நீ ஒண்ணும் பண்ண வேணாம்டி, சும்மா உக்காந்தா போதும், வர்றவங்க எல்லாம் பாத்துப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. அவ "ஓ"ன்னா. அவ்ளோதான்.

அதான் கேக்கறேன், உங்க ஊர்ல, நீங்க இருக்கற நாட்டுல, பசங்க வயசுக்கு வரும்போது அவங்களை என்ன பண்ண வைக்கறாங்க? "சடங்கு வேணுமா வேணாமா" சண்டை தயவுசெஞ்சு வேணாம், அது நூறு இழைல ஓடியாச்சு.

---

கருப்பட்டிகாபி

"சண்டை வேணாம்"னு போட்டா இங்க சண்டை நிச்சயம்னு அர்த்தம், மலர் அக்கா புதுசு போல :)

2006ல என் சடங்குக்கு பஸ் ஸ்டாண்ட் எதிர்ல என் போட்டோ போட்டு பிளக்ஸ் வச்சாங்க. டியூஷன் சார், மளிகைக்கடை அண்ணன், பக்கத்து வீட்டு பையன்னு ஊருக்கே என் உடம்புல என்ன நடந்துச்சுன்னு தெரியும். உங்க பொண்ணு கேட்ட கேள்வி எனக்கு அப்ப கேக்கத் தோணல, தோணியிருந்தாலும் "வாய மூடிட்டு தலைய குனிஞ்சு உக்காரு"ன்னுதான் பதில் வந்திருக்கும். நிமிந்தா போட்டோகிராபரே திட்டுவார்.

---

நெல்லை_பெருசு

தங்கச்சி கருப்பட்டி, பிளக்ஸ் போர்டு தப்புன்னா பிளக்ஸை கிழி, சடங்கை ஏன் கிழிக்க.

நான் சொல்லுதேன் கேளுங்க. அந்தக் காலத்துல பொம்பளப் பிள்ளைக்கு நிலத்துல பங்கு கிடையாது. கட்டிக்கொடுத்துட்டா அதோட சரி. அப்போ அண்ணன் தம்பி கூடப்பொறந்தவளுக்கு என்னதான் கொடுக்கது? அவ பிள்ளைக்கு காது குத்துனா தாய்மாமன் மடி, பெரியவளானா தாய்மாமன் சீர், கல்யாணம்னா தாய்மாமன் மாலை. குச்சு கட்ட ஓலை கொண்டு வரதுல இருந்து முதல் தண்ணி, பட்டு, பாத்திரம் வரைக்கும் மாமன் வீட்டுச் செலவு. பங்கு கொடுக்காம ஏமாத்துன சொத்தை தவணை முறையில திருப்பி வாங்குன ஏற்பாடு அது. 1989ல தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் சொத்துல சம உரிமை சட்டம் வந்த பொறவும் சீர் நிக்கல, அதுக்கு மேல என்கிட்ட விளக்கம் கேக்காதீங்க.

அப்புறம் மொய். மொய் நோட்டுங்கறது சும்மா இல்ல தாயி, அது கடன் பத்திரம். யார் எவ்வளவு செஞ்சான், நாம யாருக்கு திருப்பணும், அம்புட்டும் அதுல இருக்கு.

பையன்களுக்கு என்னன்னு கேட்டா, எங்க பக்கம் இளவட்டக்கல் உண்டு. உருண்டையா வழுவழுன்னு பிடிக்க பிடி இல்லாம ஊர் நடுவுல கிடக்கும், நூறு கிலோவுக்கு மேல உள்ளதும் உண்டு. குத்துக்கால் வச்சு, முட்டிக்கு ஏத்தி, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்கு கொண்டு போய் பின்னால தள்ளணும். அதைத் தூக்குனவனுக்குத்தான் பொண்ணுன்னு அப்ப சொல்லுவாவ, கல்யாணக்கல்னே ஒரு பேரு இருக்கு. இப்ப பொங்கலுக்கு மட்டும் போட்டியா நடக்குது, வடலிவிளையில பொம்பளைங்களும் தூக்குதாங்க.

நான் தூக்கல. முட்டி வரைக்கும் வந்துச்சு, அதோட சரி. ஆனாலும் கல்யாணம் ஆயிட்டு.

---

பாலா_அரிசோனா

மலர் அக்கா கேள்விக்கு நேரா பதில் ஒண்ணு இருக்கு. நான் இருக்கறது ஃப்ளாக்ஸ்டாஃப், கிழக்க கொஞ்ச தூரம் போனா நவஹோ பழங்குடி மக்களோட நாடு. கூட வேலை பாக்கற நவஹோ அம்மா ஒருத்தங்க தன் பேத்தியோட கினால்டாவுக்கு கூப்பிட்டிருந்தாங்க. கினால்டான்னா அவங்க மஞ்சள் நீராட்டுன்னு வச்சுக்கங்க, பொண்ணு முதல் தடவை வயசுக்கு வந்ததும் பண்றது. நாலு நாள்.

அந்த நாலு நாளும் பொண்ணு ஓடணும். விடிகாலைல கிழக்கு பாத்து ஓடணும், பகல்ல மறுபடி ஓடணும், ஒவ்வொரு தடவையும் முன்ன விட கொஞ்சம் தூரமா போய்ட்டு வரணும். சொந்தக்காரங்க, சின்னப் பசங்க எல்லாம் கத்திக்கிட்டே பின்னாடி ஓடுவாங்க, ஆனா யாரும் அவளை முந்தக் கூடாது, முந்தினா அவளுக்கு முன்னாடி கிழடாயிடுவாங்களாம். நான் முந்தல, முந்தவும் முடியல, அந்த உயரத்துல மூச்சு வாங்குது.

ஓடற நேரம் போக சோளம் அரைக்கணும். மூணாவது நாள் தரையில குழி தோண்டி நெருப்பு போட்டு சூடாக்கி, சோள மட்டையை பரப்பி, மாவை ஊத்தி, மேல மண்ணை மூடி ராத்திரி பூரா வேக விடுவாங்க. அந்த ராத்திரி பொண்ணு தூங்கக் கூடாது, விடிய விடிய பாட்டு. காலைல யூக்கா கிழங்கை நுரைக்க விட்டு தலை அலசி விடறாங்க, நம்ம சீயக்காய் ஞாபகம் வந்துச்சு. திரும்ப ஒரு ஓட்டம். அப்புறம் கேக்கை வெட்டி வந்த எல்லாருக்கும் அவ கையால கொடுக்கணும். அவளுக்கு மட்டும் அதுல ஒரு துண்டு கூட கிடையாது.

இன்னொண்ணு, ஊர்ல நல்ல பேர் எடுத்த ஒரு பெரிய அம்மா அவளைப் படுக்க வச்சு தலை, தோள், முதுகு, காலுன்னு அழுத்திப் பிடிச்சு விடறாங்க. அந்த நாலு நாள்ல உடம்பும் குணமும் களிமண் மாதிரி இளகி இருக்கும், யார் கை படுதோ அவங்க மாதிரி வருவான்னு நம்பிக்கை. மாறும் பெண்ணுன்னு அவங்க சொல்ற ஆதித்தாய்க்குத்தான் முதல் கினால்டா நடந்துச்சாம், அதையே திரும்பப் பண்றாங்க.

---

கருப்பட்டிகாபி

யோவ். ஓட விடறாங்களா!!

அதே ரத்தம், அதே வயசு. நமக்கு குச்சுக்குள்ள மூலைல உக்கார வச்சு உலக்கையை குறுக்கப் போட்டு, தனித் தட்டு தனி டம்ளர், "எதையும் தொடாத". அங்க அவ கைபட்ட கேக்கை வாங்கித் தின்ன ஊரே நிக்குது. இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

---

யாழ்_தங்கச்சி

நான் ஸ்காபரோவில இருக்கிறன், பிறந்தது யாழ்ப்பாணம். எங்கட ஆக்கள் சாமத்தியவீடு எண்டு சொல்லுறது.

எனக்கு 96இல, வன்னியில இடம்பெயர்ந்து இருந்த நேரம். மண்டபமும் இல்ல ஒண்டும் இல்ல. மாமி ரெண்டு வாளி தண்ணி வாத்தவா, அம்மா எங்கயோ தேடி உழுந்து வாங்கி களி கிண்டினவா, நல்லெண்ணெய் அரைப் போத்தல் பக்கத்துக் கொட்டில்காரர் தந்தவை. கமரா இல்லாதபடியா ஒரு படமும் இல்ல. அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை, இண்டைக்கும் சொல்லுவா.

அந்தக் குறையைத் தீர்க்கிறன் எண்டுதான் போல தங்கச்சியின்ர மகளுக்கு இஞ்ச செய்தது பாக்கோணுமே. பல்லக்கு, லிமோசின், ஆறு உடுப்பு மாத்தினது, புகை விடுற மெசின். வெளியில இருந்து பாக்கிறவை பகட்டு எண்டு சிரிப்பினம், நானும் சிரிச்சனான். ஆனா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்த சனம், ஒரு மண்டபத்தில நானூறு சொந்தக்காரரை ஒண்டாப் பாக்கிறது இப்பிடி ஏதும் நடந்தாத்தான். பிள்ளைக்காகச் செய்யிற மாதிரி தெரியேல்ல, பெரியாக்கள் தங்களுக்காகச் செய்யினம். பிள்ளை என்ன செய்தவ எண்டு கேட்டா, உடுப்பு மாத்தினவ. அவ்வளவுதான்.

---

ட்ராவல்_பைத்தியம்

செம இழை! பிரேசில்ல சத்தேரே மாவேன்னு ஒரு இனம், அமேசான் காட்டுல. புல்லட் எறும்புன்னு ஒண்ணு, கடிச்சா துப்பாக்கி குண்டு பாய்ஞ்ச மாதிரி வலிக்குமாம், அந்த எறும்புகளை மயங்க வச்சு கொடுக்கு உள்பக்கம் இருக்கற மாதிரி ஓலைல பின்னி ஒரு கையுறை செய்வாங்க. மயக்கம் தெளிஞ்சதும் பையன் ரெண்டு கையையும் உள்ள விட்டு ஆடணும். ஒரு தடவை இல்ல, மொத்தம் 20 தடவை!! 🔥🔥

அப்புறம் வனுவாட்டுன்னு பசிபிக் கடல்ல ஒரு தீவு நாடு, அங்க பெந்தகோஸ்ட் தீவு. 20, 30 மீட்டர் உயர மரக் கோபுரத்துல இருந்து கால்ல கொடியைக் கட்டிக்கிட்டு தலைகீழா குதிப்பாங்க. பஞ்சி ஜம்ப்புக்கே அதுதான் முன்னோடி. நம்ம ஆளுங்க ஓலைக் குடிசைல உக்காந்துகிட்டு பெருமை பேசறோம் lol

---

கருப்பட்டிகாபி

தம்பி, யூடியூப் தம்ப்நெயில் பாத்துட்டு வந்து கொட்டாதீங்க. வனுவாட்டு பத்தி சொல்றதுன்னா முழுசா சொல்லுங்க. அந்தக் கொடி மழைக்காலம் முடிஞ்சு ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும்தான் ஈரம் பிடிச்சு வளைஞ்சு கொடுக்கும், அதனால அப்பதான் குதிப்பாங்க, ஆளோட எடைக்கும் உயரத்துக்கும் தக்கபடி கொடி தேடி எடுப்பாங்க. 1974ல எலிசபெத் ராணி விசிட் வந்தாங்கன்னு காலம் தப்பி பிப்ரவரில குதிக்க வச்சாங்க, கொடி அறுந்து ஒருத்தர் செத்துட்டார். சடங்கை வேடிக்கையாக்கினா அப்படித்தான். பிளக்ஸ் போர்டும் அதே கதைதான்.

அதுல எனக்குப் பிடிச்ச இடம் வேற. பையன் முதல் தடவை குதிக்கும்போது அவன் அம்மா அவனோட சின்ன வயசு சாமான், துணி மாதிரி ஏதாவது ஒண்ணைக் கைல வச்சுக்கிட்டு நிப்பாங்களாம். குதிச்சு முடிச்சதும் அதைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க.

---

நர்சம்மா

நான் நாகர்கோவில், தென்னாப்பிரிக்கால ஈஸ்டர்ன் கேப் பக்கம் ஏழு வருஷம் ஆஸ்பத்திரி வேலை. கோசா மக்கள் பசங்களுக்குப் பண்ற உலுவலுக்கோ பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. ஊருக்கு வெளிய குடிசை போட்டு, உடம்பு பூரா வெள்ளை மண் பூசி, மயக்க மருந்து எதுவும் இல்லாம சுன்னத் பண்ணுவாங்க. வெட்டின உடனே "நான் ஆம்பளை"ன்னு அவங்க மொழில கத்தணும். ஆறின பிறகு அந்தக் குடிசையையும் உள்ள இருக்கற சாமானையும் கொளுத்திடுவாங்க, போறவன் திரும்பிப் பாக்கக் கூடாது. மண்டேலாவுக்கு 1934ல 16 வயசுல நடந்துச்சு, கத்தறதுக்கு தனக்கு ஒரு நொடி லேட் ஆச்சுன்னு அவரே வெக்கத்தோட எழுதியிருக்கார். மத்த ஆம்பளைங்க இதை வெளிய பேச மாட்டாங்க, நானும் உள்ள நடக்கறதைப் பத்தி மேல சொல்ல மாட்டேன், அந்த ஊர் சோறு தின்னிருக்கேன்.

ஆனா எங்க வார்டுக்கு வந்ததைச் சொல்லலாம். ஜூன் ஜூலை குளிர் காலம் வந்தாலே எங்களுக்கு பயம். முதல் சில நாள் தண்ணி கொடுக்காம காயப் போடறதுல கிட்னி போய் வருவாங்க, புண் அழுகி வருவாங்க. சிலர் வர்றதே இல்ல, ஏன்னா ஆஸ்பத்திரிக்கு வந்தவன் முழு ஆம்பளை இல்லைன்னு ஊர் சொல்லும். ஒரு பையன் கட்டில்ல படுத்துகிட்டு "என்னை இங்க பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கையைப் பிடிச்சான். பதினெட்டு வயசு இருக்கும். வருஷா வருஷம் சாவு. காசுக்காக திடீர்னு முளைச்ச போலி பள்ளிகள்தான் பெரிய காரணம், முறையா பண்ற பெரியவங்க கிட்ட இவ்வளவு ஆகறதில்ல. 2021ல தனிச் சட்டமே கொண்டு வந்தாங்க, பதிவு பண்ணாம நடத்தக் கூடாதுன்னு.

மலர் கேட்ட மாதிரி "பையன் என்ன பண்றான்"னு பாத்தா இவங்க பண்றாங்கதான். ஆனா பண்ண வைக்கறதே நல்லதுன்னு முடிவு பண்ணிடாதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதினேன்.

---

கீழக்கரை_நைனா

நர்சம்மா எழுதினதைப் படிச்சு வயிறு கலங்கிருச்சு.

எங்கள்ல சுன்னத்து, மார்க்கக் கல்யாணம்னு சொல்வாங்க. எனக்கு ஆறு வயசு, மாலை போட்டு ஊர்வலம், தலைல பூ சேரா, எல்லாரும் காசு கொடுத்தாங்க, ஏன் கொடுக்கறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது :D இப்ப பிறந்த கொஞ்ச நாள்லயே ஆஸ்பத்திரில முடிச்சிடறாங்க. அதனால அதை வயசுக்கு வர்றதுன்னு சொல்ல முடியாது.

எனக்கு உண்மையில பெரியவனான நாள் முதல் முழு நோன்பு. ஒன்பது வயசுல அடம் பிடிச்சு வச்சேன், கடமை எல்லாம் பருவம் வந்த பிறகுதான், ஆனா அக்கா வைக்கறா நான் வைக்கக் கூடாதான்னு சண்டை. மத்தியானம் குழாய்ல வாய் கொப்பளிக்கும்போது ஒரு முழுங்கு உள்ள விடலாம், யாருக்கும் தெரியாது. விடல. சாயங்காலம் பள்ளிவாசல்ல பெரியவங்க வரிசைல உக்கார வச்சு நோன்புக் கஞ்சி ஊத்தினாங்க. என் பக்கத்துல வாப்பா. ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் ஒருத்தர் முகமும் ஞாபகம் இல்ல, அந்தக் கஞ்சி ருசி இருக்கு.

---

ஒசாகா_ரமேஷ்

ஜப்பான் கதையை நான் போடறேன். ஜனவரி ரெண்டாவது திங்கள் கிழமை செய்ஜின் நோ ஹி, பெரியவங்களான நாள், அரசு விடுமுறை. அந்த வருஷம் 20 ஆனவங்களை எல்லாம் நகராட்சி ஒரு ஹாலுக்கு கூப்பிட்டு மேயர் பேசுவார். பொண்ணுங்க ஃபுரிசோடேன்னு நீளக் கை கிமோனோ, காலைல நாலு மணிக்கே பியூட்டி பார்லர் வாசல்ல வரிசை. வாடகைக்கே நம்ம ஊர் காசுல லட்சம் தாண்டும். 2018ல யோகோஹாமா பக்கம் ஒரு வாடகை கம்பெனி அன்னிக்கு காலைல கடையைப் பூட்டிட்டு ஓடிட்டான், ரெண்டு வருஷம் முன்னாடியே பணம் கட்டின பொண்ணுங்க அழுதுகிட்டு நின்னது தேசிய நியூஸ்.

விஷயம் என்னன்னா இதை எல்லாரும் பழங்கால வழக்கம்னு நினைக்கறாங்க. பழைய சாமுராய் வீட்டு சடங்குகள் வேற. இந்த நகராட்சி விழா 1946ல சாய்தாமா பக்கம் வாராபின்னு ஒரு சின்ன ஊர்ல போர்ல தோத்து நொந்து கிடந்த இளைஞர்களைத் தேத்த ஆரம்பிச்சது. அதைப் பாத்து 1948ல சட்டம் போட்டு நாடு பூரா லீவு விட்டாங்க. 2022 ஏப்ரல்ல சட்டப்படி வயசை 20ல இருந்து 18ஆ குறைச்சாங்க, ஆனா பெரும்பாலான ஊர்ல விழா இன்னும் 20லதான், ஏன்னா 18 வயசுல ஜனவரின்னா யூனிவர்சிட்டி என்ட்ரன்ஸ் நேரம், எந்த அம்மா விடுவாங்க. குடிக்கவும் 20தான். ஆக, பெரியவனாக சட்டத்துக்கு ஒரு வயசு, பீருக்கும் கிமோனோவுக்கும் ஒரு வயசு.

---

நெல்லை_பெருசு

ரமேசு தம்பி சொல்லுதது சரி, ஆனா யூதர்கள் சடங்கு பல நூறு வருசப் பழசு, நம்ம சடங்கை விட்டுட்டு அவனைப் பாத்து ஏங்குறதுல அர்த்தம் இல்ல. அவன் விடாம பிடிச்சான், நாம விட்டுட்டு நிக்கோம்.

---

பாலா_அரிசோனா

பெரியவரே மன்னிக்கணும், பையனோட பார் மிட்ஸ்வா பழசுதான். பொண்ணுக்கு தோரா வாசிக்க விட்டது அப்படி இல்ல. அமெரிக்கால முதல்ல நடந்தது 1922 மார்ச்ல, நியூயார்க்ல. மோர்டிகாய் கப்லான்னு ஒரு ரபி (யூத மதகுரு), அவருக்கு நாலு பொண்ணு. மூத்தவ ஜூடித்துக்கு 12 வயசு. பையனுக்கு உண்டு பொண்ணுக்கு ஏன் இல்லைன்னு அவளை சபை முன்னாடி நிக்க வச்சு வாசிக்க வச்சார். அப்பவும் தோல்ல எழுதின தோராச் சுருளைத் தொட விடல, அச்சடிச்ச புத்தகத்துல இருந்துதான் வாசிச்சா. மலர் அக்கா நியூஜெர்சில பாத்தது எல்லாம் அதுக்கப்புறம் மெல்ல மெல்ல பரவினது. இன்னிக்கும் எல்லா யூதப் பிரிவும் பொண்ணை வாசிக்க விடறதில்ல.

அதாவது ஒரு அப்பன் நூறு வருஷம் முன்னாடி வீட்ல பொண்ணு இருக்காளேன்னு மாத்தினது.

---

யாழ்_தங்கச்சி

ஆ, இது எனக்குத் தெரியாது.

இஞ்ச மெக்சிகோ ஆக்கள் கின்சேஞேரா செய்வினம், பிள்ளைக்கு 15 வயசில. அப்பா பிள்ளையின்ர தட்டைச் செருப்பைக் கழட்டி ஹீல்ஸ் போட்டு விடுவார், கடைசிப் பொம்மை எண்டு ஒரு பொம்மை குடுப்பினம், பிறகு அப்பாவோட வால்ட்ஸ் ஆடுவா. நெல்லை ஐயாவுக்குப் பிடிக்கும், செலவுக்கு அவையும் எங்கள மாதிரித்தான், கேக்குக்கு ஒரு ஞானப்பெற்றோர், உடுப்புக்கு ஒரு ஞானப்பெற்றோர், மண்டபத்துக்கு ஒரு ஞானப்பெற்றோர் எண்டு பிரிச்சு எடுப்பினம். மாமன் சீர்தான், மாமன் கனபேர்.

---

சிங்கார_வேலு

இதெல்லாம் அறிவியல் காரணத்தோட நம் முன்னோர் வச்சது. மஞ்சள் கிருமிநாசினி, உளுந்து எலும்புக்கு பலம். வெளிநாட்டுக்காரன் இப்பத்தான் கண்டுபிடிக்கறான்.

---

நர்சம்மா

உளுந்தங்களி நல்ல சாப்பாடு தம்பி, நானே என் பொண்ணுக்கு கிண்டிக் கொடுத்தேன். அதுக்கு ஏன் பதினாறு நாள் தனித் தட்டு? நேபாளத்துல நேவார் இனத்து வீடுகள்ல பொண்ணை பன்னெண்டு நாள் இருட்டு அறைல வச்சு, கடைசி நாள் சூரியனைப் பாக்க வச்சு அவனுக்கே கல்யாணம் பண்ணி வைப்பாங்க. என்கூட வேலை பாத்த நேபாளி நர்ஸ் சிரிச்சுக்கிட்டே சொல்வா, அந்த பன்னெண்டு நாளும் அத்தை பொண்ணுங்க, சித்தி பொண்ணுங்க எல்லாம் வந்து சாப்பாடும் விளையாட்டுமா கும்மாளம்னு. ஆனா அதே நாட்டு மேற்குப் பக்கம் மாசாமாசம் மாட்டுக் கொட்டகைல படுக்க வச்சு பாம்பு கடிச்சும் புகை மூட்டத்துலயும் பொண்ணுங்க செத்து, 2017ல அதைக் குற்றம்னு சட்டம் போட்டாங்க. ஒரே நாடு. கிருமிநாசினி கணக்கு ரெண்டுக்கும் பொருந்தாது.

---

மாடரேட்டர்

சிங்கார_வேலு, கருப்பட்டிகாபி ரெண்டு பேரும் நடுவுல போட்ட ஒன்பது பதிவு நீக்கப்பட்டது. பசுமாட்டு விவாதத்துக்கு வேற இழை இருக்கு.

---

மலர்_திண்டுக்கல்

மக்களே, மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கங்க. எல்லாத்தையும் பொண்ணுக்கு படிச்சுக் காட்டினேன் (எறும்பு விஷயத்துல தம்பி ரொம்ப ஆர்வமாயிட்டான், இப்ப தோட்டத்துல எறும்பு பிடிச்சுட்டு இருக்கான், ட்ராவல் பைத்தியத்துக்கு நன்றி).

நான் எதிர்பாக்காதது, அவ நேரா பாட்டிக்கு வீடியோ கால் போட்டு "உங்களுக்கு என்ன பண்ணாங்க பாட்டி"ன்னு கேட்டுட்டா. என் மாமியார் சீர் தட்டு கணக்கு சொல்ல ஆரம்பிச்சவங்க அப்படியே நிறுத்திட்டாங்க. கொல்லைப்புறம் தென்னங்கீத்துல குச்சு, பதினாறு நாள். பதினேழாம் நாள் பள்ளிக்கூடம் போகப் பையை எடுத்தாங்களாம், அவங்க அப்பா வாங்கி பரண்ல வச்சுட்டார். எட்டாங்கிளாஸ். வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டுப் பாத்தாராம், கணக்கு நல்லா போடும் பிள்ளைன்னு. கல்யாணமாகி பதினஞ்சு வருஷம் இவங்ககிட்ட பேசிட்டு இருக்கேன், என்கிட்ட இதை ஒரு தடவை சொன்னதில்ல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

அப்புறம் பொண்ணு ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்றா, "அந்த மொய் நோட்டை நான் எழுதறேன்."

நெல்லை ஐயா சொன்ன அந்தக் "கடன் பத்திரம்" அவ மனசுல ஒட்டிக்கிச்சு போல. என் பேர்லதானே வாங்கறீங்க, அப்ப யார் கொடுத்தாங்க, யாருக்கு நான் திருப்பணும்னு எனக்குத் தெரியணும்ங்கறா. அண்ணன் முதல்ல சிரிச்சார், இப்ப கம்ப்யூட்டர் மொய் வந்தாச்சு, பேர் சொன்னா பில்லே வரும்னார். இவ ஒத்துக்கல. மணைல உக்கார வேண்டிய பொண்ணு மொய் மேசைல உக்காந்தா ஊர் என்ன சொல்லும்னு சின்ன மாமியார் ஒரு பக்கம். கடைசியில பெரியவங்கதான் முடிச்சு வச்சாங்க. காலைல தண்ணி ஊத்தி சீர் இறக்கற வரைக்கும் மணைல, அதுக்கப்புறம் மேசைல. "கணக்கு நான் பக்கத்துல உக்காந்து சரி பாக்கறேன்"னு மாமியார் சொல்லிட்டாங்க, அதுக்கு மேல யாரும் பேசல.

பிரச்சனை என்னன்னா பொண்ணுக்கு தமிழ் வாசிக்கவே தடுமாற்றம். இப்ப தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஊர்ல விடிகாலை, பாட்டி போன்ல ஊர் பேரா சொல்ல இவ எழுதிக் காட்டறா. நிலக்கோட்டை வந்துடுச்சு. வத்தலகுண்டு வந்துடுச்சு. ஒட்டன்சத்திரத்துல எத்தனை ட்டன்னா நேத்து ரெண்டு பேருக்கும் சண்டை, தாத்தாவை எழுப்பிக் கேட்டாங்க.

பிளக்ஸ் போர்டு கிடையாது, அதை மட்டும் நான் உறுதியா சொல்லிட்டேன் கருப்பட்டி.

---

கருப்பட்டிகாபி

பாட்டி நம்பர் கொடுங்க அக்கா, நானே பேசணும்.

---

நெல்லை_பெருசு

ஏ தாயி, நல்ல காரியம். முப்பது வருசம் மொய் எழுதுனவன் சொல்லுதேன், பிள்ளைகிட்ட சொல்லு.

முதல்ல ஊர் பேரு, அப்புறம் இனிசியல், அப்புறம் பேரு. ஒரே ஊர்ல ஒரே பேரு நாலு பேரு இருப்பான், அதனால தெருவோ வேலையோ கேட்டு சேத்து எழுதணும், வெக்கப்படக் கூடாது. தொகையை எண்ணுலயும் போடணும் எழுத்துலயும் போடணும். பணத்தை எண்ணிப் பாத்துட்டுதான் எழுதணும், மாமனே கொடுத்தாலும் எண்ணணும். கவர்ல கொடுத்தா அவர் முன்னாடியே பிரிக்காத, கவர் மேல வரிசை நம்பர் போட்டு பாட்டி கைல கொடு. பேனா மூணு வச்சுக்கோ, ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருவான்.

ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு ட் ஒரு ட, அம்புட்டுதான்.